ஆள் வேறு, பதவி வேறா?

அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறது இயேசுவின் மலைப்பொழிவு. அப்படியானால் ஒரு கிறிஸ்தவர் நீதிபதியாக இருந்து தண்டனை விதிக்கலாமா? உலக அதிகாரம் பற்றி 1523-இல் எழுதிய நூலில் ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இதற்கு விடை தேடினார். தனக்கு நேர்ந்த தீங்கை ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதவியில் அமர்ந்தபின், பிறருக்கு நேர்ந்த தீங்கைப் பொறுத்துப்போக அவருக்கு உரிமையில்லை என்பது அவர் கட்சி. இதை வீடு, அலுவலகம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. லூதரின் கணக்கில் தகப்பனும் பதவியில் இருப்பவரே. பிள்ளையைக் கண்டிப்பது அவர் கடமை.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் லூதரின் இந்த வாதத்தை அடியோடு மறுத்தார். அவருக்கு நீதிமன்றமே கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது. இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லர் ஆட்சியிலிருந்த ஜெர்மனியில் 1937-இல் வெளியிட்ட சீடத்துவம் பற்றிய நூலில், இயேசுவின் சொல்லில் ஆள் வேறு, பதவி வேறு என்ற பிரிவுக்கே இடமில்லை என்றார். அவருடைய எதிர்ப்புக்குத்தான் வலு அதிகம். லூதரின் வாதம் பிறரைக் காப்பதற்காக எழுந்தது. ஆனால் பதவியின் பெயரால் பிறருக்குத் தீங்கு செய்பவருக்கும் அது எளிதில் கேடயமாகிவிடும். அந்தக் கேடயம் செல்லாது என்பதுபோல, மேலதிகாரியின் உத்தரவு என்பது ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று நாஜித் தலைவர்களை விசாரிக்க வகுக்கப்பட்ட 1945-இன் நியூரம்பெர்க் சாசனம் விதித்தது.