ஐயுறவும் அரசறமும்

அரசினை ஐயுறும் குடிமக்கள் நாட்டுப்பற்று அற்றவர்கள் என்பது ஒரு சாராரின் கருத்து. இக்கருத்து அறத்தின்பாற்பட்டதா என்பதை மலையக வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரின் முன்னோர், பிரித்தானியர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் வளர்த்த தேயிலை நாட்டின் ஏற்றுமதி வாணிபத்தைத் தாங்கிற்று. எனினும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் முடிவு செய்ய விட்டது. எவர் எந்நாட்டை விரும்புவர் என அறியுமுன்னரே தொகை வகுக்கப்பட்டது. விளைபொருளை உரிமையுடன் ஏற்று, விளைத்தவரை அந்நியர் என ஒதுக்கும் அரசின்மீது ஐயம் எழுதல் இயல்பே. அது பட்டறிவு வழங்கிய தீர்ப்பாகும்.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியபின் ஐயம் எதற்கு என வினவலாம். சட்டம் உரிமையை மீட்கும். நம்பிக்கையையோ நடத்தையே மீட்கும். லயன் அறைகளில் வாழ்வோருட் பலர்க்குச் சொந்தக் காணி இன்றும் கனவாகவே உள்ளது. வாக்குத் தவறியவர் வலியவராயின், முதலில் நம்புமாறு மெலியவரைக் கேட்டல் முறையன்று; முதலில் நீதி செய்தல் வலியவர் கடனாகும்.

ஐயுற்றும் மனுவோடு அலுவலகப் படியேறுபவன் அரசைக் கைவிட்டவன் அல்லன்; அது அரசாக நடத்தல் வேண்டும் எனக் கோருபவன். கேட்பதையே மக்கள் நிறுத்திவிடும் நாளே அரசு அஞ்சத்தக்க நாளாகும்.