அவரவர் ரசனையும் பொது நியாயமும்

குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம், எந்த சீரியல் உருப்படியானது, பையன் விளையாடும் வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்பதிலெல்லாம் கருத்துச் சொல்ல யாருக்கும் படிப்போ பட்டமோ தேவைப்படுவதில்லை. பேச்சு கொஞ்சம் சூடேறினால் ஒருவர் “அவரவர் ரசனை” என்று சொல்லி முடித்துவைப்பார். பெருந்தன்மையாகத் தெரியும் இந்தச் சொல்லுக்குள் ஒரு தத்துவக் கொள்கை ஒளிந்திருக்கிறது: ரசனையில் சரி, தவறு என்பதே கிடையாது. இது பாதி உண்மைதான். ஒன்றை ரசிப்பது அவரவர் சொந்த விஷயம். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது நாம் பொது இடத்துக்கு வந்துவிடுகிறோம், அங்கே காரணம் காட்டும் கடமை உண்டு. அந்தத் தீர்ப்பு இன்னொரு மனிதர் தலையில் போய் விழுமென்றால், கடமை இன்னும் கனமாகிறது.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790-ல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தார். ஒரு பானம் எனக்கு ருசிக்கிறது என்றால் அதை மறுக்க எவருக்கும் இடமில்லை. ஒன்று அழகாக இருக்கிறது என்றால், மற்றவர்களும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அவருக்கு முன்பே, 1757-ல், ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ‘டான் கிஹோட்டே’ நாவலில் வரும் ஒரு கதையை எடுத்துக்காட்டினார். பீப்பாயிலிருந்த மதுவை ருசிபார்த்த இருவரில் ஒருவர் தோல் வாடை வீசுகிறது என்றார், மற்றவர் இரும்பு வாடை என்றார். ஊரே சிரித்தது. பீப்பாயைக் காலி செய்தபோது, அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடந்தது. ருசி நாக்கில்தான் இருக்கிறது. ஆனால் அது எதை உணர்ந்ததோ அந்தப் பொருள் பீப்பாயில் கிடக்கிறது.

டிவி சீரியலை எடுத்துக்கொள்வோம். “அழுகை நாடகம்” என்று ஒதுக்குவது வெறும் வசை. ஒரு கன்னத்தில் அறை விழுந்ததும், கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்துக்கும் கேமரா போய்த் திரும்புகிறது, கதை ஓர் அடிகூட நகராமல் அன்றைய எபிசோட் முடிகிறது என்பது விமர்சனம். ஏனென்றால் இதற்குப் பதில் சொல்ல முடியும். இரவுச் சமையலுக்கு நடுவே பார்க்கும் பெண்ணுக்கு இந்த நிதானம் வசதி, அடுப்படிக்குப் போய்வந்தாலும் அவர் எதையும் தவறவிடுவதில்லை என்று இன்னொருவர் வாதிடலாம். இருவரும் ஒத்துப்போகாமலே இருக்கலாம். ஆனாலும் இருவர் கையிலும் இப்போது ஒரே பொருள் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்துப் பேசுகிறார்கள்.

வீடியோ கேம் விஷயத்தில் இந்தக் கடமையை உலகறிய ஒப்புக்கொண்டவர் அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட். கேம்கள் ஒருநாளும் கலையாக முடியாது என்று 2010 ஏப்ரலில் எழுதினார். எதிர்ப்பு வெள்ளமாக வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மறுபடி எழுதியபோதும் அவர் தன் கருத்தைக் கைவிடவில்லை. ஆனால் விளையாடிப் பாராமல் அப்படி அறிவித்திருக்கக் கூடாது என்றார். 2012-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் பேக்-மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அருங்காட்சியகம் ஏற்றதால் அவை கலையாகிவிட்டன என்று சொல்ல வரவில்லை. பார்த்து, ஆடி, எடைபோட்ட பிறகு சொல்லும் தீர்ப்புக்கும், எட்டி நின்று உதட்டைப் பிதுக்குவதற்கும் உள்ள தூரத்தை ஈபர்ட்டே அளந்து காட்டினார்.

பெயருக்கு வரும்போது பாரம் கூடுகிறது. சீரியலை மாற்றலாம், கேமை அணைத்துவிடலாம். பெயரைச் சுமப்பவரோ, நாம் கருத்துச் சொல்லும்போது தொட்டிலில் கிடக்கிறார். பெயர் பற்றிய ரசனையை மதங்களே சாதாரணமாக விட்டுவைக்கவில்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பிராமணக் குழந்தையின் பெயர் மங்கலத்தையும், சூத்திரக் குழந்தையின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்று விதிக்கிறது. இதற்கு நேரெதிராக, பணியாதவள் என்று பொருள்பட்ட ஒரு பெண்ணின் பெயரை நபிகள் நாயகம் ஜமீலா, அதாவது அழகி, என்று மாற்றியதாக ஹதீஸ் சொல்கிறது. ஒன்று பிறவியிலேயே ஒருவரைத் தாழ்த்துகிறது. மற்றது தாழ்ந்தவரைத் தூக்கிவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்ற பொருளில் நகுசா, நகுஷி என்று பெயரிடப்பட்டிருந்த 285 சிறுமியருக்கு 2011-ல் புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆண் குழந்தைக்கு ஏங்கிய பெற்றோரின் ஒரு கருத்து, பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் உரக்கக் கூப்பிடப்பட்டு வந்திருந்தது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ரசனைக்கு அளவுகோல் வைப்பவர்கள் எப்போதும் மேட்டுக்குடியினர்தானே. ‘பட்டிக்காட்டுப் பெயர்’, ‘வேலையற்றவர் பார்க்கும் நாடகம்’ என்பதெல்லாம் அவர்கள் பேச்சுத்தானே? உண்மை. ஆனால் அந்தப் பேச்சு வாழ்வதே காரணம் கேட்கப்படாத இடத்தில்தான். கருப்பாயி என்ற பெயரில் என்ன குறை என்று நேராகக் கேட்டால், நிறத்தையும் சாதியையும் ஊரையும் பற்றிய இளக்காரம் தவிர வேறு எதையும் அவர்களால் காட்ட முடியாது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எதற்கு என்று கேட்டது. அதற்குத் தக்க பதில் கிடைக்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை. நியாயம் கேட்டதால் ஒரு சமூகத்தின் ரசனையே மாறியது.

இன்னொரு ஆட்சேபம்: எதற்கெடுத்தாலும் காரணம் கேட்டால் சாயங்காலப் பேச்சின் சுவையே போய்விடாதா? போகாது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்பவரிடம் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. அடுத்தவர் பார்ப்பதை மட்டம் என்றும், அடுத்தவர் பிள்ளையின் பெயரைக் கேவலம் என்றும் சொல்பவரிடமே காரணம் கேட்கிறோம். சீரியலைக் குறை சொல்பவர் ஒரு வாரமாவது பார்த்துவிட்டுச் சொல்லட்டும், கேமைப் பழிப்பவர் ஒரு முறையாவது ஆடிவிட்டுப் பழிக்கட்டும். பெயரைப் பற்றிப் பேசுபவர், அந்தப் பிள்ளை வளர்ந்து எதிரே நின்று ஏன் என்று கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லட்டும்.