குப்பைமேட்டில் பட்டாம்பூச்சி பறக்கிறது, உன் ஜன்னலில் பறக்காதா?

"இடம் எங்கே இருக்கு?" மும்பையின் தாராவியில் செடி வைக்கச் சொன்னால் முதலில் வரும் பதில் இதுதான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடியில் இருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைக்குப் போய்ப் பார், தம்பி. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. சுமார் 37 ஏக்கர். ஒரு காலத்தில் மும்பை தன் குப்பையைக் கொட்டிய இடம் அது. அந்தக் குப்பைமேட்டில்தான் கன்று நட்டார்கள். 1994 ஏப்ரல் 22இல் பூங்காவைத் திறந்தார்கள். இன்று அது பட்டாம்பூச்சி பறக்கும் காடு. நகரமே கைவிட்ட மண் காடாகுமென்றால் உன் ஜன்னல் கம்பிக்கூடு ஏன் தோட்டமாகாது?

உன் பாட்டன்மார் யார் என்று நினைத்துப் பார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு ரயிலேறி வந்து, சேற்றையும் சதுப்பையும் மேடாக்கிக் குடியிருப்பு எழுப்பியவர்கள். அந்த ரத்தம் ஒரு தொட்டிச் செடிக்குமுன் தயங்கலாமா?

கறிவேப்பிலையில் தொடங்கு. ரசத்துக்கு உனக்கு இலை, முட்டையிடப் பட்டாம்பூச்சிக்கு இடம். எலுமிச்சைக் கன்று ஒன்றும் வை. மகாராஷ்டிரம் 2015இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த புளூ மார்மன், கறுப்புச் சிறகில் நீலம் தீட்டிய பேரழகி, எலுமிச்சை இனச் செடிகளில்தான் முட்டையிடுகிறது. புழு இலையைக் கடித்தால் பதறாதே, மருந்தடிக்காதே. அந்தப் புழுதான் நாளைய பட்டாம்பூச்சி. புழுவை வெறுத்துவிட்டுப் பட்டாம்பூச்சிக்கு ஏங்குகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

துளசியைப் பூக்க விடு, தேனீ தேடி வரும். வெயில் படும் இடத்தில் இட்லிப்பூ வை. செவ்வந்தி வாங்கினால் இதழ் அடுக்கடுக்காக மூடியதை விட்டுவிட்டு நடுப்பகுதி திறந்திருப்பதை எடு. அடுக்குப்பூவில் பூச்சிக்குத் தேன் எட்டாது. கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். சிறகுத் தசையை அதிரவைத்து அதை உதிர்க்கும் வித்தை நம் வீட்டுத் தேனீக்கே தெரியாது. நீலவரித் தேனீ, கருவண்டு போலிருக்கும் தச்சுத் தேனீ போன்றவைதான் அதைச் செய்கின்றன. உன் சாம்பாரில் கொதிக்கும் கத்தரிக்காய்க்குப் பின்னால் இப்படியொரு உழைப்பாளியும் இருக்கிறான்!

அவனுக்குத் தாகமும் உண்டு. ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு நீர் வை. தினமும் மாற்று, இல்லாவிட்டால் கொசு குடியேறிவிடும்.

காசில்லை என்கிறாயா? பெயின்ட் வாளியைக் கழுவி அடியில் துளை போடு. மண்தொட்டிதான் வேண்டுமென்றால் தாராவிக்குள்ளேயே கும்பார்வாடா இருக்கிறது. வெயிலே வராத ஜன்னல் என்றால் மொட்டைமாடியைக் கேள். சொசைட்டிச் செயலாளர் மறுத்தால் மறுபடி கேள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள். ஒருவர் கேட்டால் வேண்டுகோள். பத்துப் பேர் கேட்டால் அது தீர்மானம்.

ஜூனில் மழை இறங்கிவிடும். அதற்குமுன் வேர் பிடிக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொட்டியும் கறிவேப்பிலைக் கன்றும் வாங்கிவிடு.