எச்சரித்தவரின் கடன் எப்போது தீரும்?

ஆபத்து வருவதை முன்கூட்டி அறிந்தவர் அதைப் பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் பெரும்பாலான அறநூல்கள் ஒத்துக்கொள்கின்றன. எவ்வளவு சொன்னால் அந்தக் கடன் தீரும் என்பதில்தான் சிக்கல். பல்கலைக்கழக வளாகங்களில் குறுஞ்செய்தியிலும் வட்ஸ்அப்பிலும் அவசர அறிவித்தல் அனுப்பும் வழக்கம் வந்தபின் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாகியிருக்கிறது.

அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 காலை ஏழேகால் மணியளவில் விடுதியொன்றில் இருவர் சுடப்பட்டனர். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. அடுத்த அரை மணி நேரத்துக்குள் அதே ஆள் வகுப்பறைக் கட்டடமொன்றில் மேலும் 30 பேரைக் கொன்றான். எச்சரிக்கத் தவறியது கவனயீனமே என்று 2012இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அன்றைய நிலையில் அப்படியொரு சட்டக் கடமை இருக்கவில்லை என்று 2013இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இலங்கையில் தீர்ப்பு வேறு விதமாக அமைந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய உளவுத் தகவல் முன்கூட்டியே அதிகாரிகளின் கையில் இருந்தும், பூசைக்குப் போன மக்களை அது எட்டவில்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் இதை அடிப்படை உரிமை மீறலாகக் கண்டு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது.

சட்டம் தடுமாறும் இடத்தில் சமய நூல்களும் அறநூல்களும் தெளிவாகப் பேசுகின்றன. ஆனால் ஒரே குரலில் அல்ல. விவிலியத்தின் எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரத்தில் வரும் காவலாளி, வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால் இரத்தப்பழி அவன்மேல். அவன் ஊதியும் கேட்டவன் அசட்டை செய்தால் பழி கேட்டவன்மேல். ஊதியவுடன் காவலாளி விடுபடுகிறான். திருக்குறளின் அமைச்சு அதிகாரம் அப்படி யாரையும் எளிதில் விடுவிப்பதில்லை. அரசன் பிறர் அறிவை மதிக்காமலும் தானாக அறியாமலும் இருந்தாலும், அருகில் இருப்பவன் உறுதியானதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது.

யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சுருவில் போன்ற ஊர்களுக்கு இவ்விரு மரபுகளும் அந்நியமல்ல. தீவகத்தில் சைவரும் கத்தோலிக்கரும் அருகருகே வாழ்பவர்கள். கோயில் மணியோ தேவாலய மணியோ வேளை தப்பி அடித்தால் அடிப்பதும் கேட்பதும் ஒரே கணத்தில் நடக்கின்றன; பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும் என்பதும் கேட்டவருக்குத் தெரியும். எசேக்கியேலின் எக்காளமும் அப்படிப்பட்டதே. கைத்தொலைபேசிச் செய்தியில் அனுப்புதல் வேறு, கேட்டல் வேறு. இரண்டு சரி அடையாளம் விழுந்தால் கருவிக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பரீட்சை எழுதும் மாணவியின் தொலைபேசி அணைந்திருக்கும். ஊர்க் குழுவில் இடும் செய்தியை ரொறன்ரோவில் இருக்கும் மகன் முதலில் பார்ப்பான். வீட்டில் தனியே இருக்கும் தாயிடம் இருப்பது பழைய பொத்தான் தொலைபேசியாக இருக்கலாம். இந்த நிலையில் “அனுப்பிவிட்டோம்” என்ற பதில் காவலாளியின் விடுதலைக்குப் போதாது.

முன்கூட்டி எச்சரிக்கும் அறத்துக்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயுற்றோரும் புதல்வரைப் பெறாதோரும் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிப்பதை நெட்டிமையார் அறநெறி என்று போற்றுகிறார். பட்டியலின் முதலில் நிற்கும் பசுவுக்கு அறிவித்தல் விளங்காது. நோயாளிக்கு விளங்கினாலும் எழுந்து நடக்க இயலாமல் இருக்கலாம். ஆகவே அந்தச் செய்தி உண்மையில் அவர்களை நடத்திச் செல்லக்கூடியவர்களுக்கு. வளாகத்துக்கும் இது பொருந்தும். பார்வையற்ற மாணவருக்கும், செவிப்புலன் குறைந்தவருக்கும், தொலைபேசி வைத்திராத துப்புரவுத் தொழிலாளிக்கும் யார் போய்ச் சொல்வது என்று முன்பே வகுக்கப்படாவிட்டால், எச்சரிக்கை பாதிதான் நடந்திருக்கிறது.

எஞ்சுவது பொய் எச்சரிக்கை. 2018 ஜனவரி 13இல் ஏவுகணை வருகிறது என்ற செய்தி ஹவாய் மக்களின் தொலைபேசிகளுக்குத் தவறாகப் போனது. அதே வழியில் திருத்தம் வர 38 நிமிடம் பிடித்தது. தவறு என்று முன்பே அறிந்த ஆளுநர், தன் ட்விட்டர் கணக்கின் நுழைவு விபரம் நினைவில் இல்லாததால் தாமதித்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். கேளாதவன்மேல் பழியைச் சுமத்தும் எசேக்கியேலின் கணக்கு, எக்காளம் நம்பத்தக்கது என்ற அடிப்படையில் நிற்கிறது. விசாரியாமல் அனுப்பியும் திருத்தாமல் விட்டும் அந்த நம்பிக்கையை ஒரு நிர்வாகம் செலவழித்திருந்தால், அடுத்த செய்தியை அசட்டை செய்தவரின் பழியில் அதற்கும் பங்குண்டு.