ஊரைச் சொல்லும் உரிமை

நூலகம் என்பது ஓர் ஊர் தன்னைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் நினைவு. வன்னியில் அந்த நினைவு பலமுறை சிதறியது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது வன்னித் தமிழர் பலரின் வீடுகளோடு ஏடுகளும் புகைப்படங்களும் அழிந்தன.

இழந்ததைக் கூடிச் சேகரிக்க இணையம் ஒரு வழி தருகிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் விக்கி மென்பொருளில் இயங்குகிறது. 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய படங்களை ஃபிளிக்கர் தளத்தில் இட்டபோது, பொதுமக்கள் இடங்களையும் மனிதரையும் இனங்காட்டினர். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்துப் பட்டியலைத் திருத்தினர். ஒரு பிரதேச சபை நூலகமும் இதைச் செய்யலாம். தண்ணீரூற்றின் பழைய படமொன்றை இட்டால், புத்தளத்திலும் ரொறன்ரோவிலும் இருப்போர் அதற்கு விளக்கம் எழுதலாம்.

இங்குதான் அறக் கேள்வி பிறக்கிறது. எல்லோரும் எழுதலாம் என்பதாலேயே அது நியாயமாகிவிடுமா? ஊரின் பக்கத்தை எழுதுபவர் பெரும்பாலும் இப்போது ஊரில் இருப்பவராகவும் கணினி கைவந்தவராகவுமே இருப்பார். அவர் பொய் எழுத வேண்டியதில்லை. தாம் கண்ட ஊரை மட்டும் எழுதினாலே போதும், காணாத அயலவர் இல்லாமற் போய்விடுவர். 1990இல் வெளியேறிய மூதாட்டி ஒருவருக்குக் குளமும் கடைத்தெருவும் பள்ளிவாசல் பாதையும் மனப்பாடம், விசைப்பலகைதான் தெரியாது. அதனால் அவருடைய ஊர் அவருடையதல்லாமற் போகுமா?

பலர் ஒப்புவதே வரலாறாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. எனினும் விக்கியில் ஒவ்வொரு திருத்தமும், எந்தக் கணக்கிலிருந்து, எப்போது செய்யப்பட்டது என்ற குறிப்போடு தங்குகிறது. செய்தியோடு அறிவிப்பாளர் வரிசையையும் கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமன்று. சொன்னவர் யாரென்று தெரிந்தால் சொல்லை எடைபோடலாம். இரு கூற்றுகள் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் உரியவர் பெயரோடு வைக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் பகிரங்கமாக்குவதும் அறமன்று. போர் நடந்த மண்ணில், படத்திலுள்ள ஒரு முகத்துக்குப் பெயரிடுவது உயிரோடிருக்கும் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதாகவும் முடியலாம். சம்மதம் கேட்ட பின்பே பெயரிட வேண்டும்.

ஆகவே பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பதோடு நூலகரின் பணி முடிவதில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் புத்தளத்துக்கும் போகவேண்டும். மூதாட்டி சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்தபடி பதியவேண்டும். கூடி எழுதுதல் அப்போதுதான் பொருள்படும். ஊரை விட்டுப் போனவர் திரும்பாவிட்டாலும், ஊரைச் சொல்லும் உரிமை அவரை விட்டுப் போவதில்லை.