கடைசி மணி நேரக் கூலி

திடப்படுத்தல் வகுப்பில் திரித்துவம் புரியவில்லை என்று பிள்ளைகள் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். கிருபையைப் பற்றி மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு' என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் அது எனக்கு மிகக் கடினமான பாடமாகத் தோன்றுகிறது.

பெங்களூரில் வளரும் பதினைந்து வயதுப் பிள்ளையின் உலகமே 625 மதிப்பெண்தான். எஸ்எஸ்எல்சி முடிந்தால் பியுசி, அதற்குப் பிறகு சிஇடி, நீட். எல்லாமே உழைத்தால்தான் கிடைக்கும் என்று ஆறு நாள் கேட்டுவிட்டு, ஏழாம் நாள் கோயிலில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் பற்றிக் கேட்கிறார்கள். எப்படி நம்புவார்கள்?

இதற்கு நான் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை எடுப்பேன். ஆனால் வேதாகமத்தைத் திறப்பதற்கு முன் நம் ஊர்ச் சந்தியைப் பற்றிப் பேசுவேன். காலையில் கரணையும் சாப்பாட்டுப் பையுமாக ஆட்கள் நிற்பதைப் பள்ளிக்குப் போகிற வழியில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நம் தமிழ்நாட்டுக்காரர்கள். மேஸ்திரி வந்ததும் திடமான இளைஞர்களை முதலில் ஏற்றிக்கொள்வார். பத்து மணிக்கும் அங்கேயே நிற்பவர் யார்? வயதானவர், கால் சரியில்லாதவர். அவர்களில் ஒருவரைச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டிப்போய், ஒரு மணி நேர வேலைக்கு முழு நாள் கூலி கொடுத்தால்?

வகுப்பே கொதித்துவிடும். "அது எப்படி டீச்சர்? காலையிலிருந்து வெயிலில் வேலை செய்தவனுக்கு அநியாயம் இல்லையா?"

அந்தக் கோபத்தை அவசரப்பட்டு அடக்கக் கூடாது. ஆண்டவருக்காக வக்காலத்து வாங்க நாம் முந்திக்கொள்ளும்போதுதான் பாடம் கெட்டுப்போகிறது. உவமையிலேயே வேலையாட்கள் முறுமுறுக்கிறார்கள், பிள்ளைகளும் முறுமுறுக்கட்டும். ஒருமுறை அப்படி வாதாடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "அந்தத் தாத்தா வீட்டுலயும் ராத்திரிக்கு அரிசி வாங்கணும்ல?" உவமையில் ஒவ்வொருவருக்கும் கிடைத்த ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. தோட்டத்துச் சொந்தக்காரர் வேலையை மட்டும் பார்க்கவில்லை, அந்த வீட்டு அடுப்பையும் பார்த்தார். அதற்குமேல் விளக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்து வரும் கேள்வியும் நியாயமானதே: அப்படியென்றால் யார் எந்தத் தப்பு செய்தாலும் விட்டுவிடலாமா? அதற்கு கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பற்றிச் சொல்வேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரஹாமையும் மகன்கள் பிலிப், திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் சொன்னார். வழக்கு நடந்தது, குற்றவாளிக்குத் தண்டனையும் கிடைத்தது. மன்னிப்பு சட்டத்தின் கையைக் கட்டவில்லை. அவர் நெஞ்சில் பகை தங்காமல் காத்தது. மகளோடு, தாங்கள் வாழ்ந்துவந்த பாரிபதாவிலேயே இருந்து, கணவர் கவனித்துவந்த தொழுநோயாளிகளைப் பல ஆண்டுகள் அவரும் கவனித்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. இந்தக் கதையைக் கேட்டபிறகு கிருபை சுலபமானது என்று எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை.

ஆனால் நாம் வாயால் சொல்வதை நம் ஏற்பாடுகளே மறுத்துவிடுகின்றன. சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் வருகைக்கு ஒரு பரிசு, மனப்பாட வசனத்துக்கு ஒரு பரிசு. அப்பா குடிப்பதால் ஞாயிறு காலை வீட்டை விட்டு வர முடியாத பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறான். அவனை மேடைக்குக் கூப்பிட நமக்கு ஒரு வழி தெரியவில்லை என்றால், நம் பாடத்தை அவன் ஏன் நம்ப வேண்டும்?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வரும் நாளில் பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்பே பரிமாறிவிடுங்கள்.