ஒட்டுநாடாவும் உழைக்கும் கரமும்

ஒரு கலைப்படைப்பின் மதிப்பு எதில் தங்கியிருக்கிறது? அது செய்யப்பட்ட பொருளிலா, செய்தவரின் உழைப்பிலா, அதன் பின்னே நிற்கும் எண்ணத்திலா, அல்லது வாங்குபவர் கொடுக்கும் விலையிலா? பொன்னாலும் பளிங்காலும் ஆன படைப்புகளின் முன் நிற்கையில் இக்கேள்வி நமக்கு எழுவதில்லை. பொருளின் பகட்டே விடையாகி விடுகிறது. எழுதுபொருள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒட்டுநாடாவைக் கொண்டு ஒருவர் கலை படைக்கும்போதுதான் அக்கேள்வி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது.

ஒட்டுநாடா தொழிலாளரின் இன்னலிலிருந்து பிறந்தது. 1920களில் அமெரிக்காவில் இருவண்ண மகிழுந்துகள் நாகரிகமாயின. ஒரு வண்ணத்தைப் பூசுகையில் மற்றதைத் தாள் ஒட்டி மறைப்பர். தாளை உரித்தால் வண்ணமும் சேர்ந்து உரிந்து வரும். செய்த வேலையையே மீண்டும் செய்ய நேர்ந்த தொழிலாளரின் சலிப்பைக் கண்டவர் ரிச்சர்டு துரூ. உப்புத்தாள் தயாரித்து வந்த த்ரீ எம் நிறுவனத்தின் இளம் ஊழியரான அவர், மெல்ல ஒட்டி ஊறின்றி உரியும் ‘மாஸ்கிங் டேப்’பை 1925இல் உருவாக்கினார். 1930இல் ஒளி ஊடுருவும் செல்லோபேன் நாடாவும் அவராலேயே வந்தது. பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் அந்நாள்களில், கிழிந்ததையும் உடைந்ததையும் எறிய மனமின்றி ஒட்டிக்கொண்ட எளிய இல்லங்களுக்கு அது துணையாயிற்று.

அதே நாடா இன்று கலைஞர் கைகளில் புதுவடிவம் கொள்கிறது. கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வாழும் மார்க் கைஸ்மன், பெட்டிகளை ஒட்டும் பழுப்பு நாடாவை ஒளிரும் பலகையின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி உருவங்களைத் தீட்டுகிறார். ஓரடுக்கு ஒளியைப் பொன்னிறமாக்கும். பல அடுக்குகள் இருளாகும். ‘நுமென்’ என்னும் ஐரோப்பியக் குழுவினர் 2014இல் பாரிசின் பலே த தோக்கியோ கலைக்கூடத்தில் நாடாவினாலேயே மாபெரும் சிலந்திக்கூடு போன்ற குகையை அமைத்தனர். பார்வையாளர்கள் அதனுள் தவழ்ந்து சென்றனர். தனித்த நிலையில் விரலால் கிழிபடும் நாடா, அடுக்கிச் சேர்த்தபோது மனிதரையே தாங்கிற்று.

இவற்றுக்கு நேர்மாறானது இத்தாலியரான மவுரிசியோ கத்தேலானின் ‘நகைச்சுவையாளன்’. சுவரில் ஒரு வாழைப்பழம், அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா, அவ்வளவே. 2019இல் மயாமியில் 1,20,000 டாலருக்கு விற்ற அப்படைப்பின் ஒரு பிரதி, 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 62 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கிய செல்வந்தர் சில நாள்களில் அப்பழத்தை உண்டும் விட்டார். அந்தப் பழமோ ஏலக்கூடத்தின் அருகே இருந்த தெருக்கடையில் 35 சென்டுக்கு வாங்கப்பட்டது. விற்றவர், வேற்று நாட்டிலிருந்து குடியேறிக் கூலிக்கு அங்கு நின்ற முதியவர். பழத்துக்குக் கிடைத்த விலையைச் செய்தியாளர் ஒருவர் வந்து சொன்னபோது அவர் அழுதாராம்.

இதைக் கேட்டவுடன் நவீனக் கலையைப் பழிப்பது எளிது. ஆயினும் நீதியோடு சிந்திப்போம். பொருள் மலிவானது என்பது குற்றமன்று. நம் பெண்கள் அரிசி மாவால் இடும் கோலமும் மலிவான பொருளே. நிலையாதது என்பதும் குற்றமன்று. கோலம் பகலுக்குள் கலைந்து போகிறது. முதியவர் கேட்ட விலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. சட்டம் எதுவும் மீறப்படவில்லை. பின் ஏன் நம் உள்ளம் உறுத்துகிறது? கலைஞரின் பெயரும் வாங்கியவரின் பெயரும் உலகெங்கும் ஒலிக்க, பழம் தந்த கரம் யார் கண்ணிலும் படாமல் போனதே காரணம். உரிய விலை வேறு, உரிய மதிப்பு வேறு. முன்னதைக் கொடுத்துவிட்டதால் பின்னதும் தீர்ந்துவிட்டதாக எண்ணுவதே நம் காலத்தின் பெரும்பிழை.

இவ்வுண்மையைக் காண நியூயார்க் போக வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஷிஃப்டு முடிந்து இறங்கும் இளைஞரைப் பாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து, ஓரறையில் பலராய்த் தங்கி, பலர் ஒப்பந்த முறையில் உழைப்பவர்கள். வண்ணப்பூச்சுக்கு முன் கோடு பிசகாமல் நாடா ஒட்டுவதும், பெட்டிகளை ஒட்டி முத்திரையிடுவதும் இத்தகைய கரங்களே. கைஸ்மனின் படத்துக்கு வேண்டிய கண்ணும் கைப்பக்குவமும் இங்கும் வேண்டும். படத்தின் கீழே பெயர் இருக்கிறது. மகிழுந்தின் மேல் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது.

மதிப்பைப் பேசிக் கூலியைக் குறைப்பது வஞ்சகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாராட்டு பசியை ஆற்றாது. பணிப்பாதுகாப்பும் நியாயமான ஊதியமும் முதற்கடன். அக்கடனைத் தீர்க்கும் மனம் எங்கிருந்து பிறக்கும்? அந்தக் கரத்தை முதலில் கண்டால்தானே பிறக்கும்! எளிய பொருளில் அழகைக் காட்டும் கலை நம் கண்ணைத் திறக்கிறது. திறந்த கண் நாடாவை வியந்து, நாடா ஒட்டியவரைக் கடந்து போகுமானால் அந்த வியப்பால் என்ன பயன்?

வண்ணம் காய்ந்ததும் நாடாவை உரித்தெறிகிறார்கள். அதன் பணி அத்தோடு முடிந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் மனிதரையும் அவ்வாறே உரித்தெறிவது முறையாகாது. நம் ஊரில் வாடகைக்கு வந்திருக்கும் அந்த இளைஞரின் பெயரையும் ஊரையும் நாம் கேட்டதுண்டா? இன்று மாலையே கேட்கலாமே.